அந்த மைக்கை அணைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுமக்கள் நேரில் கேள்வி கேட்கும் கூட்டங்களுக்கு 31 ஆண்டுகளாக மைக் செட் அமைத்துக் கொடுக்கிறேன். எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் கண் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் கருவியிலும், கூட்டத்துக்குள் கைமாறிப் போகும் கார்ட்லெஸ் மைக்கிலும்தான் இருக்கும். அந்த மைக்குக்காகத்தான் இந்தக் கடிதம்.

கூட்டம் தொடங்குமுன் தலைவரின் உதவியாளர் என்னிடம் ஒரு சைகை சொல்லி வைப்பது வழக்கம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் நான் கீழே உள்ள மைக்கை நிறுத்திவிட வேண்டும். ஒரு கூட்டத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் எழுந்தார். குழாய் பதிக்கத் தோண்டிய தெருவை மூடாமல் விட்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் உள்ளே வர வழியில்லை. கணவரை நாற்காலியில் உட்காரவைத்து முனை வரைக்கும் தூக்கிப் போயிருக்கிறார்கள். "பாதி வழியிலேயே..." என்று அவர் குரல் உயர்ந்தபோது கண்ணாடி கழன்றது. நான் அணைத்துவிட்டேன். மைக்தான் பழுது என்று நினைத்து அவர் அதன் தலையில் விரலால் இரண்டு முறை தட்டினார், சுவிட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த விரல் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அதன் பிறகு எந்தச் சைகைக்கும் நான் ஒப்புக்கொண்டதில்லை. அதனால் கைவிட்டுப் போன கூட்டங்கள் உண்டு, போகட்டும்.

தலைவர்களுக்கு என் தொழில் காட்டிக்கொடுத்த ஒன்றைச் சொல்கிறேன். கோபத்தோடு எழுபவர் பேசத் தொடங்கியதும், சத்தம் அளவு மீறுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு மிக்சரில் எரியும். குறுக்கிடாமல் விட்டால் இரண்டு நிமிடத்துக்குள் அது தானாகப் பச்சைக்கு இறங்கிவிடும். முதலில் வருவது பட்ட துயரம். கேள்வி கடைசியில்தான் வரும். "சுருக்கமாகச் சொல்லுங்கள்" என்று இடையில் ஒரு வார்த்தை விழுந்தால் போதும், விளக்கு மறுபடி சிவப்பாகிவிடும்.

1992 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ரிச்மண்டில் நடந்த விவாதத்தில், பொருளாதாரச் சிக்கல் உங்களைத் தனிப்பட்ட முறையில் எப்படிப் பாதித்தது என்று பார்வையாளர்களில் ஒரு பெண் வேட்பாளர்களிடம் கேட்டார். அந்த விவாதத்தில் அப்போதைய அதிபர் மூத்த புஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தது இன்றும் பேசப்படுகிறது. அவரை எதிர்த்து நின்ற கிளிண்டனோ அந்தப் பெண்ணை நோக்கி நடந்து சென்று, உங்களை அது எப்படிப் பாதித்தது என்று திருப்பிக் கேட்டார். கேட்டவருக்கு இன்னொரு முறை பேச வாய்ப்புக் கிடைத்தது. 2010இல் பிரிட்டன் பிரதமர் கோர்டன் பிரவுன், ராக்டேல் நகரில் தம்மிடம் கேள்வி கேட்ட மூதாட்டியிடம் சிரித்துப் பேசிவிட்டு, காரில் ஏறியதும் அவரை இழிவாகப் பேசினார். சட்டையில் குத்திய மைக் அணைக்கப்படாமல் இருந்தது. பிறகு அந்த அம்மாவின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. வெளியே பணிவும் உள்ளே எரிச்சலும் வைத்திருப்பவருக்கு எந்தப் பயிற்சியும் உதவாது.

மைக்கைத் திரும்ப வாங்குவது சரியாக இருந்த ஒரு தருணத்தையும் சொல்ல வேண்டும். 2008 அக்டோபரில் மின்னசோட்டாவில் நடந்த கூட்டத்தில், ஒபாமாவை நம்ப முடியாது, அவர் ஓர் அரபு என்று பேசிய தம் ஆதரவாளரிடமிருந்து, அதிபர் தேர்தலில் ஒபாமாவை எதிர்த்து நின்ற மெக்கெய்ன் மைக்கை வாங்கி, ஒபாமா கண்ணியமான குடும்பஸ்தர் என்று மறுத்தார். தம்மைக் காத்துக்கொள்ளவா வாங்கினார்? எதிராளியின் மானத்தைக் காக்க அல்லவா!

நான் மதிக்கும் மக்கள் பிரதிநிதி ஒருவர் இருந்தார். கேட்டவரின் கேள்வியைத் தம் வாயால் ஒருமுறை சொல்லி, "இதைத்தானே கேட்டீர்கள்?" என்று உறுதி செய்துகொள்வார். தெரியாததைத் தெரியாது என்பார், பதில் தரும் தேதியைச் சொல்வார். அடுத்த கூட்டம் அந்தப் பழைய கேள்விகளை வாசிப்பதில்தான் தொடங்கும். அவர் கூட்டங்களிலும் கத்தினார்கள். ஆனால் கேட்டவர் பதிலைக் கேட்டு முடிக்கும் வரை மைக் அவர் கையிலேயே இருக்கும்.

பத்திரிகைகளிடமும் ஒரு வேண்டுகோள். அந்த அம்மாவைப் பற்றி மறுநாள் செய்தி வந்தது: கூட்டத்தில் பெண் ரகளை, சிறிது நேரம் பரபரப்பு. மூடாத தெருவைப் பற்றி ஒரு வரி இல்லை. "கூச்சல், குழப்பம்" என்று எழுதும்போது, என்ன கேட்டார்கள் என்பதையும் தயவுசெய்து சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒலிபெருக்கி அமைப்பாளர் ஒருவர்