அந்தக் காசு வேண்டாம் பாப்பா

முனிர்கா, புது தில்லி
நவம்பர் 9

அன்புள்ள பாப்பா,

கலிபோர்னியாவில், ஃப்ரீமாண்டில் ஒரு வீட்டுப் பாட்டியை ராத்திரியில் காசு வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளப் போகலாமா என்று நேற்று போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமலே வைத்துவிட்டேன். அப்பாவுக்கு நெபுலைசர், அதுதான் மருந்தை மூச்சோடு இழுக்க வைக்கிற மெஷின், வைக்கிற நேரம் அது. அப்புறம் ராத்திரி முழுக்க அதே நினைப்புதான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தக் குடும்பத்தின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. தொண்டையில் குழாய் போட்ட பாட்டி. ராத்திரியில் சளியை உறிஞ்சி எடுக்க ஆள் வேண்டும். தமிழ் பேசுகிற பெண், அதிலும் உன்னைப் போல் சுவாச சிகிச்சைப் படிப்பையே படிக்கிறவள் கிடைத்தால் விடுவார்களா? மணிக்கு இவ்வளவு என்று கையில் தருகிறோம், வீட்டில் செய்வதற்கு எதற்கு லைசென்ஸ் என்கிறார்கள். உனக்கும் ஃபீஸ் கட்ட வேண்டியிருக்கிறது. இருந்தாலும் வேண்டாம்.

அப்பாவுக்கு நெபுலைசர், ஆக்சிஜன் எல்லாம் நானே வைக்கிறேனே, இதற்கு லைசென்ஸ் கேட்க மாட்டார்களா என்று போன வருடம் உன்னிடம் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? கலிபோர்னியா சட்டத்தைப் படித்து நீதான் எனக்கு விளக்கினாய். லைசென்ஸ் இல்லாவிட்டாலும் நோயாளி தனக்குத்தானே செய்துகொள்ளலாம். வீட்டு மனிதரோ நண்பரோ காசு வாங்காமல் செய்யலாம், ஆனால் தன்னைச் சுவாச சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. மாணவர்கள் படிப்பின் பகுதியாகச் செய்யலாம். இப்போது உன் விஷயத்தை அதோடு வைத்துப் பார். நீ காசு வாங்கப் போகிறாய். அந்தப் படிப்பு படிக்கிறாய் என்பதற்காகத்தான் உன்னைக் கூப்பிடுகிறார்கள். காலேஜ் உன்னை அங்கே அனுப்பவில்லை, மேற்பார்வைக்கும் ஆள் இல்லை. எந்த விலக்கில் நீ வருவாய், சொல்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்கிறேன் என்று நினைக்காதே. போன குளிர்காலத்தில் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லவே இல்லை.

தீபாவளி முடிந்து புகை அப்படியே ஊர் மேல் இறங்கியிருந்த நாட்கள். மாடி வீட்டுப் பெரியவருக்கு மூச்சிரைப்பு அதிகமாகி, நம் வீட்டைப் போலவே அங்கேயும் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் வந்துவிட்டது. நான் அப்பாவுக்குச் செய்வதைப் பார்த்திருந்ததால் அவருடைய மருமகள் என்னைக் கூப்பிட்டாள். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துதான். தினமும் சாயங்காலம் போய் நெபுலைசர் மாஸ்க்கை வைத்துவிட்டு வருவேன். அவள் பக்கத்திலேயே நிற்பாள். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டுகிற, விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரைப் பார்ப்பாள், மாமனாரின் உதட்டைப் பார்ப்பாள், என் கையையும் பார்ப்பாள்.

பத்து நாள் கழித்து ஒரு கவரில் 3,000 ரூபாய் வைத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன் பாப்பா. மருந்துச் செலவு கழுத்தை நெரித்த மாதம் அது. மறுநாள் போனால் பெரியவர் தனியாக இருந்தார். ஆன்ட்டி பார்த்துக்கொள்வார் என்று அவள் நிம்மதியாக ஆபீஸ் போய்விட்டாள்.

பெரியவர் அரைத்தூக்கத்தில் இருந்தார். மீட்டரில் 86. ஆக்சிஜனைக் கூட்டுவதா வேண்டாமா? அதற்கு முந்தின வருடம் அப்பாவுக்கு 89 காட்டியதைப் பார்த்துப் பயந்து, நானே கான்சன்ட்ரேட்டரில் நிமிடத்துக்கு 2 லிட்டரை 4 ஆக்கிவிட்டேன். காலையில் தலைவலி, பேச்சுக் குழறல். அப்பாவுக்கு இருக்கிற சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும், அதற்கு மேல் ஏற்றினால் உடம்பில் கரியமில வாயு தேங்கிவிடலாம் என்று டாக்டர் அப்போதுதான் சொன்னார். அந்தக் கணக்கு அப்பாவுக்குச் சொன்னது. இவருக்கு எது சரி என்று எனக்கு எப்படித் தெரியும்? கை நடுங்க அவளுக்கு போன் போட்டேன். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நல்ல வேளையாக நாலு நாளில் வீடு திரும்பினார். கவரை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

காசு வாங்காத வரை அந்த வீடு என்னோடு சேர்ந்து விழித்திருந்தது. வாங்கியதும் என்னை நம்பி ஒதுங்கிக்கொண்டது. அவள் மேல் தப்பே இல்லை. காசு கொடுத்தவர்கள் நம்பத்தான் செய்வார்கள். அந்த நம்பிக்கையைத் தாங்கும் படிப்பு என்னிடம் இல்லை. உனக்குப் பாதிப் படிப்பு இருக்கிறது, அதனால் இன்னும் பயமாக இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குக் குழாய் அடைத்துக்கொண்டால் பக்கத்தில் உன் டீச்சர் இருக்க மாட்டார்.

நீ இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்ததே 2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாம் அலையில் நாம் பட்ட பாட்டால்தானே. தில்லி முழுக்க சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். மீட்டர் வாங்கியவரெல்லாம் டாக்டர் ஆனார்கள், வேறு வழி இல்லை. அதற்கு முந்தின மாதம்தான் துணை மருத்துவப் பணியாளர்களுக்கான சட்டம் இங்கே பார்லிமெண்டில் நிறைவேறியிருந்தது. சுவாசத் தொழில்நுட்பர்களும் அதில் உண்டு. உன் வேலைக்கு நம் ஊரிலும் ஒரு பதிவு, ஒரு பெயர் வருகிறதே என்று அப்பா எவ்வளவு சந்தோஷப்பட்டார்!

பாட்டியை விட்டுவிடாதே. ஞாயிற்றுக்கிழமை ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போ, அந்த வீட்டுக்காரர்களாவது சாப்பிடட்டும். பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் பேசிக்கொண்டிரு. யாராவது உன்னைத் தெரபிஸ்ட் என்று அறிமுகப்படுத்தினால் அங்கேயே இல்லை என்று சொல்லிவிடு. லைசென்ஸ் உள்ளவரை அனுப்பச் சொல்லியும், வீட்டாருக்குச் சளி உறிஞ்சக் கற்றுத்தரச் சொல்லியும் அவர்களுடைய டாக்டரிடம் கேட்கச் சொல். அந்த போனை நீயே பக்கத்தில் இருந்து போட வை.

ஃபீஸைப் பற்றிக் கவலைப்படாதே. ஜனவரியில் ஒரு டெபாசிட் முடிகிறது, அப்பாவிடம் பேசிவிட்டேன்.

அப்பா எழுந்துவிட்டார். நீ வீடியோவில் சொல்லிக்கொடுத்த மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக ஊதுகிறார். கான்சன்ட்ரேட்டர் பில்டரைக் கழுவிக் காயப்போட வேண்டும், இந்தப் புகையில் சீக்கிரம் கறுத்துவிடுகிறது.

அன்புடன்,
அம்மா