ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள்

'தங்கைக்கு' என்று அடித்துவிட்டு அழித்தேன். 'தோழிக்கு' என்று போட்டால் நீ சிரிப்பாய். தலைப்பு மட்டும் இருக்கட்டும், அதைப் பார்த்ததுமே உனக்குத்தான் என்று தெரிந்திருக்கும்.

ஆபீஸில் ஒரு புகாரில் நான் நடந்துகொண்டதைப் பற்றி நீ பதிவு போட்டதோடு சரி, வாட்ஸ்அப்பில் ஏழு வருஷமாக ஒற்றை டிக். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நீ இந்தப் பக்கம் வருவதில்லை, ஆனால் நம் இரண்டு பேரையும் தெரிந்த நாலு பேராவது வருவார்கள், அதில் ஒருத்தர் உனக்கு அனுப்பாமல் இருக்க மாட்டார். ஊரைக் கூட்டி வைத்து மன்னிப்புக் கேட்டால் கேட்கிறவள்தான் நல்லவளாகத் தெரிவாள் என்று நீ சொல்வாய். சரி, சொல். அப்படியாவது ஒரு பதில் வரும்.

விஷயம் இதுதான்: ஆபீஸில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கிற கமிட்டியிலிருந்து போன வெள்ளிக்கிழமை விலகிவிட்டேன். நடுவில் இரண்டு வருஷம் வேறு ஒருவர் இருந்தார், அப்புறம் மறுபடி என்னையே தலைவராகப் போட்டிருந்தார்கள். காரணம் கேட்டார்கள். 'சொந்த வேலை' என்று எழுதிக் கொடுத்தேன். (இதை அவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும்.)

இன்று நவம்பர் 14. காலையிலேயே மூன்றாவது மாடியில் பலூன் கட்டிவிட்டார்கள்.

நிறுவனம் எது என்று கமெண்டில் யாரும் கேட்க வேண்டாம். அன்று புகார் சொல்ல வந்த அந்த அம்மா என்ன சொன்னார், யார் மேல் சொன்னார் என்பதும் இங்கே வராது. வேலை இடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது, அந்தப் பிரிவை உங்களுக்கெல்லாம் பாடம் எடுத்ததே நான்தான். இந்த இடம் வரை எழுதிவிட்டு நிறுத்தியபோதுதான் உறைத்தது, அவருடைய புகார் பதிவேட்டிலேயே ஏறவில்லையே. ஏறாத புகாருக்கு என்ன ரகசியம்? இருந்தாலும் எழுத மாட்டேன். அவர் இன்னும் எங்கேயோ யாருடைய தரையையோ துடைத்துக்கொண்டுதான் இருப்பார், அவர் பிழைப்பில் இன்னொரு முறை என் கை பட வேண்டாம்.

பயிற்சி வகுப்பில் இரண்டாவது ஸ்லைடு ஞாபகம் இருக்கிறதா? பன்வாரி தேவி. ராஜஸ்தானில் பட்டேரி கிராமம், குயவர் சாதி, அரசாங்கத்தின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்' என்று ஊக்கத்தொகைக்கு வேலை பார்த்தவர், நிரந்தர ஊழியர்கூட இல்லை. ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் அவரைக் கூட்டு வன்புணர்வு செய்தார்கள். 1995இல் கீழ் நீதிமன்றம், உயர்ந்த சாதி ஆண்கள் தாழ்ந்த சாதிப் பெண்ணை அப்படித் தொட்டிருக்க மாட்டார்கள் என்கிற தோரணையில் பேசி, குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அவருக்காகப் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதில் 1997இல் வேலை இடத்துப் பாலியல் தொல்லையைத் தடுக்க விசாகா வழிகாட்டுதல்கள் வந்தன, அதிலிருந்து 2013 சட்டம், அதிலிருந்து நம் கமிட்டி. இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் கம்மும். உண்மையாகவே கம்மும், நடிப்பில்லை. வகுப்பு முடிந்து லிஃப்டுக்கு நிற்கும்போது நீ கேட்டாய்: "அக்கா, பன்வாரி தேவி நம்ம ஆபீஸுக்கு வந்தா எந்த மாடியில வேலை பாப்பாங்க?"

நான் சிரித்தேன். நல்ல கேள்வி, அடுத்த வகுப்பில் சேர்த்துக்கொள்கிறேன் என்றேன். சேர்க்கவில்லை.

நீ இப்படித்தான் ஏதாவது சொல்வாய், நான் இப்படித்தான் தலையாட்டுவேன். நம் வாசிப்பு வட்டத்தில் மூணாறைப் பற்றிப் பேசலாம் என்று நீ எத்தனை தடவை சொன்னாய்? 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் நம் தமிழ் பேசுகிற தலித் பெண்கள், போனஸை 10 சதவீதமாகக் குறைத்ததை எதிர்த்து 20 வேண்டும் என்று சாலையில் உட்கார்ந்தார்கள், சமாதானம் பேச வந்த ஆண் தொழிற்சங்கத் தலைவர்களையே விரட்டிவிட்டார்கள், பெம்பிளை ஒருமை என்று பேர் வைத்தார்கள். 'அது யூனியன் விஷயம்பா, நாம பெண்ணியம் பேசலாம்' என்றேன் நான். பேசினோம். மேல் பதவிக்குப் போவது, பிரசவ விடுப்பு முடிந்து திரும்புவது, மீட்டிங்கில் நம் பேச்சை ஆண்கள் குறுக்கே வெட்டுவது. தப்பில்லை, அதெல்லாம் எனக்கு நடந்தவை. ஸ்டோர் ரூமில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே கதவைப் பிடித்துக்கொண்டு தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்தவள் நான், அதை யாரும் எனக்குச் சும்மா பட்டமாகக் கொடுக்கவில்லை. உன் பதிவில் 'ஏசி ரூம் பெண்ணியம்' என்று எழுதினாயே, அந்த ஸ்டோர் ரூமில் ஏசி கிடையாது.

பார், மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தேன், எங்கே போய்விட்டேன்.

ஏழு வருஷத்துக்கு முந்தைய அந்த நவம்பர் 14 அன்றும் ஊழியர்களின் பிள்ளைகள் வந்திருந்தார்கள். மீட்டிங் ரூம் கண்ணாடிக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தார்கள், ஒரு பையன் சிலந்தி மனிதன் உடையில் இருந்தான். அந்த அம்மா ஹவுஸ்கீப்பிங் ஆட்களின் நீலக் கோட்டோடு வந்து கதவோரம் நின்றார். உட்காருங்கம்மா என்றேன். உட்காரவில்லை. இரண்டாவது தடவை நான் சொல்லவில்லை, ஏன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். வெளியே கார்ப்பெட்டில் யாரோ கேக்கை மிதித்துத் தேய்த்திருந்தார்கள், அவர் கண் அதன் மேலேயே இருந்தது. நாம் கேள்வி கேட்டு முடித்ததும் அதை அவர்தானே துடைக்க வேண்டும்.

முதலில் நான் சொன்னது, அவர் ஏஜென்சி ஆள், அங்கேதான் போக வேண்டும் என்று. நீ சட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தாய்: ஒப்பந்தக்காரர் மூலமாக வேலைக்கு வந்தவரும் ஊழியர்தான். எனக்குத் தெரியாததா அது? தெரிந்தேதான் சொன்னேன். நீ வாசித்த பிறகு அதை விட்டுவிட்டு, என்றைக்கு நடந்தது என்று கேட்டேன்.

"ஆடிப்பெருக்குக்கு முந்தின நாளு மேடம்."

வெளி உறுப்பினர் போனில் காலண்டரைத் தேடினார். ஆகஸ்ட் 2. புகார் கொடுக்கச் சட்டம் தருகிற மூன்று மாதக் கெடு நவம்பர் 2இல் முடிந்துவிட்டது. பன்னிரண்டு நாள் தாமதம். இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீங்க என்று நான்தான் கேட்டேன். குரலைத் தாழ்த்தி, கனிவாகத்தான் கேட்டேன், அது இன்னும் அசிங்கம்.

"தீபாவளி போனஸ் கைக்கு வரட்டும்னு இருந்தேன் மேடம். முன்னாடியே சொன்னா அந்தாளு குடுக்க விடமாட்டான்."

அப்போது வெளியே ஒரு பலூன் வெடித்தது. அவர் தோள் இரண்டும் துள்ளி விழுந்தன. குழந்தைகள் கைதட்டிச் சிரித்தார்கள், உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் சிரித்தார். பலூனுக்கா போனஸுக்கா தெரியவில்லை. அது நான் இல்லை. நானில்லை என்றுதான் நினைக்கிறேன்.

போனஸுக்காகக் காத்திருந்தேன் என்பதைக் காரணமாக எழுத முடியாது என்றேன். நீ உன் நோட்டை மூடிவிட்டு என்னையே பார்த்தாய். அதே வருஷம் மே மாதம் நான்காவது மாடிப் பெண் ஒருத்தி ஐந்து மாதம் கழித்து வந்தாளே. அப்ரைசல் கடிதம் கைக்கு வரட்டும் என்று காத்திருந்தேன் என்றாளே. 9ஆம் பிரிவில் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்க நமக்கு அதிகாரம் இருக்கிறது, காரணத்தை எழுதி வைத்தால் போதும். எழுதினோம். வாசகம்கூட என்னுடையதுதான்: 'தொழில் எதிர்காலம் பாதிக்கப்படும் என்ற நியாயமான அச்சம்.' நல்ல வாக்கியம்.

"அப்ரைசல்னா அச்சம். போனஸ்னா என்ன மேடம், பேராசையா?" என்றாய் நீ.

அறையில் இருந்த மற்றவர்களுக்கு அதில் ஒன்றும் தெரிந்திருக்காது. அவர்கள் எல்லாரும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை உன் பதிவில் நீ எழுதவில்லை. நீ எழுதாததால் யாருக்கும் தெரியாது. எழுதியிருந்தால் நான் இந்த ஊரிலேயே தலைகாட்டியிருக்க முடியாது, அது உனக்கும் தெரியும். ஏன் விட்டுவைத்தாய்? என் மேல் இரக்கமா, இல்லை உன் அம்மாவை ஊர் வாயில் போடக் கூடாது என்றா? இத்தனை நாள் நான் உன் பெருந்தன்மை என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன். சரி, நானே சொல்லிவிடுகிறேன். "நீ உங்கம்மா ஞாபகத்துல பேசுற" என்றேன்.

ஆறு பேர் முன்னால்.

உன் அம்மாவும் நீலக் கோட்டுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரியில் என் அம்மாவுக்குக் காவலிருந்த பதினோரு இரவுகளில் ஒன்றில் நீ சொன்னாய், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, டீயை ஆற்றிக்கொண்டே. நீ எனக்கென்று தந்ததை எடுத்து அறையில் வைத்து உன்னையே அடித்தேன். இதற்கு நியாயம் ஒன்றும் இல்லை. அன்று காலை மேலிடத்திலிருந்து எனக்கு ஒரு போன் வந்திருந்தது, ஹவுஸ்கீப்பிங் விவகாரத்தை இழுக்க வேண்டாம் என்று, அதைக்கூட உன்னிடம் சொல்லியிருக்கலாம், சொன்னால் நீ என்னைப் பலவீனமானவள் என்று நினைப்பாயோ என்று... பாரேன், நியாயம் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே தேடுகிறேன்.

அதற்கு முந்தின வருஷம், 2017 அக்டோபரில், ராயா சர்க்கார் என்பவர் முகநூலில், பாலியல் தொல்லை தந்ததாகச் சொல்லப்பட்ட பேராசிரியர்களின் பட்டியல் போட்டபோது நாம் போட்ட சண்டை நினைவிருக்கும். மூத்த பெண்ணியர்கள் சிலர், பட்டியலை எடுத்துவிட்டு முறையான நடைமுறைக்குப் போங்கள் என்று அறிக்கை விட்டார்கள், நான் அதைப் பகிர்ந்தேன். நடைமுறை யாருக்கெல்லாம் கதவு திறக்கும் என்று பாருங்கக்கா என்றாய். ஒரு வருஷம் கழித்து அந்த நடைமுறை முழுக்க என் கையில் இருந்தது, வெளி உறுப்பினரோடு, கையேட்டோடு, கண்ணாடி அறையோடு.

இதில் வேடிக்கை என்னவென்றால், இனமும் பாலினமும் சேர்ந்து ஒருத்தியை அமுக்குவதைப் பற்றி அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதியதை அலுவலகத்திலேயே முதலில் பேசியது நான். ஜெனரல் மோட்டார்ஸ் மேல் ஐந்து கறுப்பினப் பெண்கள் போட்ட வழக்கு, பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள், கறுப்பர்களையும் எடுத்திருக்கிறார்கள், அப்புறம் என்ன பாகுபாடு என்று 1976இல் நீதிமன்றம் தள்ளியது. எடுத்த பெண்கள் வெள்ளையர், எடுத்த கறுப்பர்கள் ஆண்கள், இரண்டுமான இவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. இதை நான் படம் போட்டு விளக்குவேன். அந்த வழக்கு நடந்த செயிண்ட் லூயிஸ் எனக்குத் தெரிந்தது, பெரும்பாக்கம் தெரியவில்லை. நகரத்துக் குடிசைகளைக் காலி செய்து கொண்டுபோய் விட்ட அந்த அடுக்குமாடிகளிலிருந்து நம் ஓஎம்ஆர் கட்டடங்களைக் கழுவ வருகிறவர்களில் அவரும் ஒருத்தர் என்பதே, ஏஜென்சி அவரை அம்பத்தூருக்கு மாற்றிய பிறகு நீ எழுதித்தான் தெரிந்தது. இரண்டு பஸ் மாறி அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு. அப்போது பெண்களுக்கு இலவச பஸ்கூட வரவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே, இல்லை கோபப்படு. என் சாதியைப் போட்டு எழுதினாயே, என் அம்மா அதைப் படித்தார். பதினோரு இரவு உன் கையால் கஞ்சி வாங்கிக் குடித்த மனுஷி, 'அந்தப் பொண்ணா எழுதினா?' என்று மட்டும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். போன தையில் போய்ச் சேர்ந்தார். உனக்குத் தெரியப்படுத்த வழியில்லை. நீ எழுதியது பொய் என்று நான் சொல்லவில்லை. அம்மா வரைக்கும் போயிருக்க வேண்டாம் என்று சொல்ல வந்தேன், ஆனால் முதலில் அம்மாவை இழுத்தது யார் என்று நீ கேட்பாய்.

புதிதாக வந்திருக்கிற தலைவர் நல்ல பெண். ஹவுஸ்கீப்பிங், கேன்டீன், செக்யூரிட்டி எல்லாருக்கும் தமிழில் தனி வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறேன், எழுதத் தெரியாதவர்களுக்குப் புகாரை எழுத உதவுவது கமிட்டியின் கடமை என்பதை முதல் ஸ்லைடிலேயே போடச் சொன்னேன். செய்வாரா தெரியாது. வகுப்பு ஷிஃப்ட் நேரத்தில் வைத்தால் ஏஜென்சி சம்பளம் பிடிக்குமா என்று அவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

மேசையைக் காலி செய்தபோது அந்தத் தாள் கிடைத்தது. அவர் சொல்லச் சொல்ல நீ எழுதியது, ஏ4 தாளில், முன்பக்கம் முழுக்கவும் பின்பக்கம் நாலு வரியும். முத்திரை இல்லை, வரிசை எண் இல்லை. தேதி என்ற இடத்தில் 'ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள்' என்றே எழுதியிருக்கிறாய். அன்றைக்கு அதை வாங்கி என் டிராயரில் வைத்தது நான், கிழிக்கவில்லை, கொடுக்கவும் இல்லை. அது கமிட்டியுடையதா, உன்னுடையதா, அவருடையதா என்று வக்கீல் தோழியிடம் கேட்டேன், அதை வைத்துக்கொண்டு இப்படி எழுதாதே என்றுதான் அவள் சொன்னாள்.

என் நம்பர் அதேதான். நீ வர வேண்டாம், நான் வருகிறேன், பெரும்பாக்கத்தில் எந்த பிளாக் என்று மட்டும் சொல். என்னைப் பார்க்க அவருக்கு இஷ்டமில்லை என்றால் தாளை உன்னிடம் தந்துவிட்டுக் கீழேயே நிற்கிறேன்.