உறைபனிக்கு முன் ஊட்டி சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

கோவை
ஐப்பசி 10

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் பாலிஹவுஸின் (பாலித்தீன் ஷீட் போட்ட செடிக்குடில்) குளிரையும் வெயிலையும் தானாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் படித்துக் காட்டிய பட்டியலைக் குறித்து வைத்திருக்கிறேன். எட்டு ரிலே (கரண்டில் இயங்கும் சுவிட்ச்) உள்ள போர்டு, இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன், தண்ணீரைப் புகை போலத் தெளிக்கும் ஃபாகர், தண்ணீரைக் கரண்டில் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு, ஹீட்டர். எல்லாவற்றையும் தீபாவளி போனஸ் வந்த கையோடு வாங்கிவிடலாம் என்று தம்பியும் உற்சாகமாக இருக்கிறான். எழுதிக் கொடுத்தால் பாலிஹவுஸ் கதவில் ஒட்டி வைத்துக்கொள்வேன் என்று நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன். வீட்டில் செடி வளர்க்கும் வேறு பலரும் இதையே கேட்பதால் எல்லோரும் படிக்கும்படி இங்கேயே போடுகிறேன்.

இப்போதைக்கு அந்தப் பட்டியலில் எதையும் வாங்காதீர்கள், சித்தப்பா. ஒரு மாதம் வெறுமனே அளந்து மட்டும் பாருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பாட்டி முடிந்து வைத்திருந்த கத்தரி விதை போனது இந்த அவசரத்தால்தான். உங்களிடம் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை. என் மொட்டை மாடிக் குடிலில் வெப்பநிலை அளக்கும் சென்சாரை நடுக் குழாயில் தொங்கவிட்டு, 36 டிகிரியைத் தாண்டினால் ஃபாகர் ஓட வேண்டும் என்று புரோகிராம் எழுதி வைத்தேன். சென்சார் மேல் நேராக வெயில் விழுந்தது. நிழலில் 35 டிகிரி இருக்கும்போது அது 44 காட்டியது. காலை பத்து மணிக்கு ஆரம்பித்த ஃபாகர் மாலை நான்கு வரை நிற்கவே இல்லை. நான்காம் நாள் இரண்டு குழித்தட்டு நாற்றும் தண்டின் அடியில் நீர் கோத்து ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. நாற்றழுகல். விதையைச் சந்தேகப்பட்டேன், தென்னை நார்க்கழிவைச் சந்தேகப்பட்டேன். பழைய தெர்மாமீட்டரை நிழலில் மாட்டிப் பார்த்த பிறகுதான் ஒன்பது டிகிரி வித்தியாசம் தெரிந்தது. அந்த விதை எங்கும் விலைக்குக் கிடைக்காது. சென்சார் மட்டும் பொய் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு தப்பான எண் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். அதன் பின்னால் ஒரு ரிலேயைக் கட்டியதால் நாற்றே போய்விட்டது.

அதனால் முதல் வேலை சென்சாருக்குக் குடை. செடித்தொட்டிக்கு அடியில் வைக்கிற வெள்ளை பிளாஸ்டிக் தட்டு ஐந்தாறு வாங்கி, மேல் தட்டைத் தவிர மற்றவற்றின் நடுவில் ஓட்டை போட்டு, விரல் தடிமன் இடைவெளி விட்டு நீளமான போல்ட்டில் அடுக்குங்கள். சென்சார் அந்த ஓட்டைக்குள் இருக்கட்டும். வானிலைத் துறையின் வெள்ளைப் பலகைப் பெட்டியும் இதே வேலையைத்தான் செய்கிறது. பழைய கம்ப்யூட்டர் ஃபேன் இருந்தால் அடியில் மாட்டிக் காற்றை மெதுவாக இழுக்க விடுங்கள். உயரம், செடியின் இலை இருக்கும் உயரம்.

சென்சாருக்கு டிஎஸ்18பி20 போதும், ஸ்டீல் உறை போட்டு நீர் புகாமல் வருவது. ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலையிலேயே தனி எண் இருப்பதால் மூன்று நான்கை ஒரே வயரில் கோத்துவிடலாம். டேட்டா வயருக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவில் ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வேண்டும். ஒன்று மேசை உயரத்தில், ஒன்று கூரைக்கு அடியில், ஒன்று மண்ணுக்குள், ஒன்று வெளியே. மூளைக்கு இஎஸ்பி32 என்ற சின்னக் கணினி போர்டு ஒன்று. ஈரப்பதத்துக்கு எஸ்எச்டி31 என்ற சென்சாரை வாங்குங்கள். விலை குறைவு என்று நீலநிற டிஎச்டி11 பக்கம் போக வேண்டாம், அது காட்டும் வெப்பநிலையில் இரண்டு டிகிரி வரை பிழை வரும். உங்கள் ஊரில் இரண்டு டிகிரிக்கும் பூஜ்ஜியத்துக்கும் நடுவில்தான் செடி பிழைப்பதும் கருகுவதும் இருக்கிறது.

மாட்டுவதற்கு முன் பிளாஸ்க் நிறைய ஐஸைப் பொடித்துப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, எல்லாச் சென்சாரையும் பத்து நிமிடம் முக்கி வையுங்கள். எல்லாம் பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். அரை டிகிரி தள்ளினால் அந்த அரை டிகிரியைப் புரோகிராமில் கழித்துக்கொள்ளலாம். கொதிக்கும் தண்ணீரில் சோதிக்காதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். நல்ல சென்சாரைக் கெட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

இன்னொரு விஷயம், தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இந்தச் சென்சாரிலிருந்து எப்போதாவது 85 என்றோ மைனஸ் 127 என்றோ வரும். கரண்ட் வந்தவுடன், அளக்கும் முன்னால், சிப்புக்குள் இருக்கும் எண் 85. வயர் விட்டுப்போனால், சென்சாரைப் படிக்க வழக்கமாகப் பயன்படுத்தும் லைப்ரரி (தயாராகக் கிடைக்கும் புரோகிராம்) தருவது மைனஸ் 127. இந்த இரண்டையும் தள்ளிவிட வேண்டும். தள்ளாவிட்டால் எலி வயரைக் கடித்த இரவில் உங்கள் ஹீட்டர் விடிய விடிய எரியும்.

சரி, பனிக்கு வருகிறேன். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே கதகதப்பாக இருக்கும் என்றீர்கள். சாதாரண பாலித்தீன் ஷீட் வெயிலை உள்ளே விடுவதைப் போலவே, இரவில் மண்ணும் செடியும் விடும் வெப்பக் கதிர்களையும் பெரும்பாலும் வெளியே விட்டுவிடும். மேகமில்லாத, காற்றசையாத இரவில் ஹீட்டர் இல்லாத பாலிஹவுஸின் உள்ளே வெளியைவிடக் குளிராகப் போவதும் உண்டு. வெளியே ஒரு சென்சார் வைக்கச் சொன்னது இதைப் பிடிக்கத்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு செய்து, உள்ளே, வெளியே இரண்டுக்கும் வரைந்த கோடு விடியற்காலை எப்படிப் போகிறது என்று பாருங்கள். அதைப் பார்த்த பிறகு உங்களுக்கே தோன்றும், முதலில் தேவைப்படுவது ஹீட்டரா அல்லது செடிகளுக்கு மேல் மாலை ஐந்து மணிக்கு இழுத்து விடும் ஒரு திரையா என்று. தாவரவியல் பூங்காவில் மிலார் செடியை வைத்து நாற்றுகளை மூடுகிறார்களே, அதுவும் வானத்துக்கும் செடிக்கும் நடுவில் ஒரு மறைப்புதான்.

ஹீட்டரைப் பற்றி என் கணக்கு இது. உங்கள் பன்னிரண்டுக்கு இருபது அடிக் குடிலுக்குச் சுவரும் கூரையும் சேர்த்துச் சுமார் 70 சதுர மீட்டர் ஷீட் வருகிறது. ஒற்றை ஷீட்டில் வெப்பம் ஓடும் வேகத்துக்கு ஒரு கிலோவாட் ஹீட்டர் இரண்டு, இரண்டரை டிகிரிதான் ஏற்றும், எட்டு மணி நேரத்துக்கு எட்டு யூனிட். அதே சமயம் 200 லிட்டர் தண்ணீர் டிரம் ஒன்றுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து வெயில் படும் பக்கம் வைத்தால், இரவில் அது ஐந்து டிகிரி ஆறும்போது ஒரு யூனிட்டுக்கும் சற்றுக் கூடுதலான வெப்பத்தை விட்டுக்கொடுக்கும். மூன்று டிரம் வைக்க இடம் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். ஹீட்டரைக் கடைசிக் காவலாக 4 டிகிரிக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் சூடாக்க வேண்டாம். உங்கள் சிம்பிடியம் ஆர்க்கிடுக்கு இரவுக் குளிர் வேண்டும், 10, 12 டிகிரி இரவுகள் கிடைத்தால்தான் பூத்தண்டு விடும்.

பகலுக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். 26 டிகிரியில் ஓடி 23-ல் நிற்கட்டும். ஒரே எண்ணில் ஓடவும் நிற்கவும் வைத்தால் நிமிடத்துக்கு நான்கு முறை தட்டித் தட்டி ரிலே போய்விடும். ஃபாகர் கோவையின் பங்குனி வெயிலுக்குச் சரி. உங்கள் மூடுபனியில் அதற்கு வேலையே இல்லை, பூவில் சாம்பல் பூஞ்சணம்தான் வரும்.

முடிவெடுக்கும் வேலை முழுக்க அந்தச் சின்ன போர்டிலேயே நடக்க வேண்டும். போனுக்கு வருவது செய்தி மட்டும். மழையில் நெட் போனாலும் ஃபேன் ஓட வேண்டும் அல்லவா? வால்வு வாங்கும் காலம் வந்தால் கரண்ட் இல்லாதபோது மூடிக்கொள்ளும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஹீட்டரை உங்கள் பட்டியலில் உள்ள ரிலே போர்டில் நேராகக் கொடுக்க வேண்டாம், 10 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கான்டாக்டரும் (அதிகக் கரண்டைத் தாங்கும் சுவிட்ச்), கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போடச் சொல்லுங்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு சித்தி தினமும் உள்ளே போய் வருகிறார். இதில் மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள்.

கார்த்திகை தீபத்துக்கு நானும் அப்பாவும் வருகிறோம். போர்டும் நான்கு சென்சாரும் சால்டரிங் அயர்னும் நான் கொண்டு வருகிறேன். வெள்ளைத் தட்டும் ஐஸும் நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள். அதுவரை ஒரு சாதாரண தெர்மாமீட்டரை நிழலான இடத்தில் செடி உயரத்தில் மாட்டி, தினமும் விடியற்காலை உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று காலண்டரில் எழுதி வையுங்கள். பெட்டியைத் துழாவியபோது அந்தக் கத்தரி விதை ஒரு சிட்டிகை கிடைத்திருக்கிறது. முளைக்குமா என்று ஈரத்துணியில் பத்து விதை போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்