மூன்று மலைக் கிராமங்களுக்குப் பணம், காட்டியது ஒன்று: ஜப்பான் ஒருநாள் தனிப் பயணம் குறித்து நான்காவது புகார் கடிதம்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர் அவர்கள்,
ஜப்பான் சுற்றுலாப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: கனஸாவா – கொகாயாமா – ஷிரகவா-கோ – தகயாமா ஒருநாள் தனிப் பயணம் (6 பேர்), சேவைக் குறைபாடு, முழுத் தொகையையும் திருப்பிக் கேட்டல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே பதில் வந்தது. மூன்றாவதில் என் பெயரைக்கூட மாற்றிப் போட்டிருந்தீர்கள். பதினொரு முறை போன் செய்தாயிற்று. மதுரையிலிருந்து ரயிலேறி உங்கள் அலுவலகங்களுக்கு இரண்டு தடவை வந்தாயிற்று. முதல் தடவை கிளையில் "ஜப்பான் டெஸ்க் இங்க இல்ல, ஹெட் ஆபீஸ் போங்க" என்றார்கள். இரண்டாம் தடவை ஹெட் ஆபீஸ் போனால், "புக் பண்ண பிராஞ்ச்லதான் கம்ப்ளைன்ட் எடுப்பாங்க" என்றார்கள். எனவே தங்கள் மேலான கவனத்திற்கு எல்லாவற்றையும் மறுபடி எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

வவுச்சரில் நீங்கள் எழுதித் தந்தது இது. சென்ற ஜனவரியில், வியாழக்கிழமை, காலை 8 மணிக்குக் கனஸாவா ரயில் நிலையத்தில் ஏற்றிக்கொள்வது. ஒன்பது இருக்கை ஹயேஸ் வேன், ஆங்கிலம் பேசும் வழிகாட்டி. கொகாயாமாவில் ஐனொகுரா, சுகனுமா இரண்டு கிராமங்கள். முன்பதிவு செய்த சைவ மதிய உணவு. பிறகு ஷிரகவா-கோவின் ஒகிமாச்சி கிராமத்தில் மூன்று மணி நேரம், திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு நுழைவுச்சீட்டு உட்பட. மாலையில் தகயாமா ஹோட்டல் வாசலில் இறக்கிவிடுவது. விலை ரூ.1,14,000.

நடந்ததைச் சொல்கிறேன். காலை 8 மணிக்கு ட்சுசுமி-மோன் மர வாசலுக்கு அடியில் பெட்டிகளோடு நின்றோம். வவுச்சரில் "ஸ்டேஷன் மெயின் என்ட்ரன்ஸ்" என்றுதானே இருந்தது? மத்தளம் போல முறுக்கிய தூண்கள் இருக்கும் கிழக்கு வாசலைத்தான் யாரும் முகப்பு என்பார்கள். உங்கள் வண்டி வந்தது மேற்கு வாசலுக்கு, அதுவும் 10 மணிக்கு. எங்கள் போன் எண் ஓட்டுநரிடம் இல்லை, அவருடைய எண் எங்களிடம் இல்லை. 10.25க்கு எங்களில் ஒருவர் நிலையத்தின் உள்ளே நடந்து மறுபக்கம் போய்ப் பார்த்ததால்தான் வண்டியே கிடைத்தது.

அதுவரை உங்கள் "24 மணி நேர உதவி எண்" என்ன செய்தது? அடித்துக்கொண்டே இருந்தது. பின்னர் உங்கள் ஊழியர் ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னார்: "ஜப்பான்ல எட்டு மணின்னா நமக்கு காலைல நாலரை சார். அந்நேரத்துக்கு யாரு எடுப்பாங்க?" ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முந்தியது என்பது ஜப்பான் டிக்கெட் விற்கும் உங்களுக்குத் தெரியாதா? உங்கள் ஆபீஸ் திறப்பது காலை 10 என்றால் அங்கே பிற்பகல் 1.30. அதற்குள் ஒரு நாள் பயணத்தில் பாதி முடிந்துவிடும். இரவில் ஆள் வைக்க முடியாவிட்டால் அந்த "24" என்ற எண்ணை அழித்துவிடுங்கள்.

வந்தது ஹயேஸ் அல்ல, அதைவிடச் சிறிய ஆல்ஃபார்ட். நல்ல வண்டிதான். ஆனால் மூன்றாவது வரிசையிலும் ஆள் உட்கார்ந்தால் பின்னால் மிஞ்சுவது ஒரு முழ இடம். நான்கு பெரிய பெட்டிகளில் இரண்டை நிமிர்த்தி நிறுத்தினோம், மற்ற இரண்டையும் நிலையத்து லாக்கரில் பூட்டிவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. ஊர் மாறிப் போகிற பயணம் என்று தெரிந்தே விற்றீர்கள். ஆறு பேர், நான்கு பெட்டி என்று படிவத்தில் நானே நிரப்பிக் கொடுத்தேன். வேன் இல்லையென்றால் முந்தின நாளே சொல்லியிருந்தால் போதும், ஹோட்டல் வரவேற்பில் கொடுத்து தக்யூபின் கூரியரில் பெட்டிகளைத் தகயாமாவுக்கு அனுப்பியிருப்போம். அது மறுநாள்தான் போய்ச் சேரும் என்பதால் அன்று காலையில் அந்த வழியும் இல்லை.

காரணம் என்ன என்று ஓட்டுநரே காட்டினார். முன்கண்ணாடிக்குக் கீழே செருகியிருந்த வேலைத்தாளை எடுத்து நீட்டினார். போனில் மொழிபெயர்த்துப் பார்த்தோம். மொத்தம் ஐந்து வரி. காலை 10, கனஸாவா மேற்கு வாசல். ஷிரகவா-கோ. மாலை 6, கனஸாவா மேற்கு வாசல். பயணிகள் 6. பெட்டிகள் இல்லை. கொகாயாமா என்ற சொல்லே அதில் கிடையாது, தகயாமாவும் கிடையாது. நீங்கள் எனக்கு விற்றது ஒரு பயணம், டோக்கியோ ஏஜென்ட் வழியாக வாங்கியது வேறொரு பயணம்.

இது கவனப்பிசகு என்று நான் நம்பவில்லை. ஜப்பானில் வாடகை வண்டிக்கு நேரக் கணக்கு ஷெட்டை விட்டுக் கிளம்பி ஷெட்டுக்குத் திரும்பும்வரை ஓடும். தகயாமாவில் எங்களை இறக்கிவிட்டால் காலி வண்டி கனஸாவாவுக்குத் திரும்பும் நேரத்துக்கும் சுங்கத்துக்கும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். காலை 8க்கு எடுத்தால் இரண்டு மணி நேரம் கூடுதல். வழிகாட்டிக்குத் தனிச் சம்பளம். இவை மூன்றையும் வெட்டிவிட்டு விலையை மட்டும் அப்படியே வைத்திருக்கிறீர்கள். தவறாக நினைத்திருந்தால் கணக்கைக் காட்டுங்கள், மன்னிப்புக் கேட்கத் தயார்.

சுகனுமாவிலாவது நிறுத்தும்படி ஓட்டுநரைக் கேட்டோம். விரைவுச்சாலையின் கொகாயாமா வெளிவழியில் இறங்கினால் சில நிமிடத்தில் ஊர் வந்துவிடும். அவர் தன் அலுவலகத்தைக் கேட்டார். தாளில் இல்லாத இடம் என்றால் ஆர்டர் கொடுத்த ஏஜென்ட் சொல்ல வேண்டும் என்றது அலுவலகம். சென்னை ஒப்புதல் வேண்டும் என்றார் ஏஜென்ட். சென்னை தூங்கிக்கொண்டிருந்தது. கொகாயாமா பலகை கண்ணெதிரே வந்து கடந்து போனது.

ஒகிமாச்சியில் இருந்தபடி 1.40க்கு உங்கள் ஆபீஸ் கிடைத்தது. அப்போது பேசிய ஊழியரைப் பற்றித்தான் முக்கியமாக எழுதுகிறேன். அழைப்பைப் பதிவு செய்வதாக நீங்களே அறிவிப்பு வைத்திருக்கிறீர்கள், கேட்டுப் பாருங்கள். முழு விவரத்தையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "எல்லாம் ஓலை வீடுதானே சார். ஒன்னு பார்த்தா எல்லாம் பார்த்த மாதிரிதானே?"

ஓலை வீடு! உங்கள் விளம்பரத்தில் "யுனெஸ்கோ பாரம்பரிய கிராமங்கள் மூன்று" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது யார்? 1995இல் ஒகிமாச்சி, ஐனொகுரா, சுகனுமா மூன்றையும் சேர்த்துத்தான் உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தார்கள். ஒன்று போதும் என்றால் அவர்களும் ஒன்றோடு நிறுத்தியிருப்பார்கள். ஒகிமாச்சி கிஃபு மாகாணத்தில், மற்ற இரண்டும் தொயாமாவில். கைகூப்பியது போன்ற கூரை மூன்றிலும் உண்டு, அதுதான் இந்த வீடுகளின் காஷோ என்ற பெயருக்கே காரணம். ஆனால் ஒகிமாச்சி வீடுகளுக்கு வாசல் கூரைச் சரிவின் பக்கம். கொகாயாமா வீடுகளுக்கு முக்கோண முகப்பின் பக்கம். ஒகிமாச்சியில் முகப்புகள் வடக்கு தெற்காக ஒரே வரிசையில் நிற்கும். பள்ளத்தாக்குக் காற்றுக்கு ஒதுங்கவும், இரண்டு சரிவிலும் வெயில் பட்டுப் பனி உருகவும் அப்படிக் கட்டினார்கள். சுகனுமாவில் இருப்பது ஒன்பதே காஷோ வீடுகள். வெடிமருந்துக்கான வெடியுப்பு தயாரித்த முறையைக் காட்டும் கூடம் அங்கேதான் உண்டு. அடுப்புக் குழிக்குப் பக்கத்தில் தரைக்கடியில் மண், புல், பட்டுப்புழு எச்சம் அடுக்கி ஆண்டுக்கணக்கில் ஊறவைத்துக் காய்ச்சி எடுத்த வெடியுப்பு போய்ச் சேர்ந்தது ககா ஆட்சியாளர்களுக்கு. அவர்களின் தலைநகர் எது தெரியுமா? கனஸாவா. அதனால்தான் கனஸாவாவில் தொடங்கி கொகாயாமா வழியாகப் போகும் பயணத்தைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டினேன். இத்தனையும் உங்கள் ஊழியருக்கு ஓலை வீடு.

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன்.

அடுத்து இன்னொருவர் மின்னஞ்சலில், "கடும் பனியால் சாலை மூடப்பட்டதால் கொகாயாமா தவிர்க்கப்பட்டது" என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் இணைத்தார். அதைத் திறந்து பார்த்தீர்களா? அது ஹகுசான் ஷிரகவா-கோ ஒயிட் ரோடு. மலைமேல் போகும் சுங்கச் சாலை. ஒவ்வொரு ஆண்டும் குளிர்காலம் முழுக்க மூடித்தான் இருக்கும், கொகாயாமாவுக்குப் போக அதைத் தொடவே வேண்டாம். நாங்கள் போனது தொகாய்-ஹொகுரிகு விரைவுச்சாலை. உங்கள் ஓட்டுநர் அதே சாலையில்தான் போய், அதே சாலையில்தான் திரும்பினார். கொகாயாமா வெளிவழி அதில்தான் இருக்கிறது. பொய் சொல்வதென்றாலும் வரைபடத்தை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

நேரம் போதாது என்றும் ஒரு சாக்கு வந்தது. 8 மணிக்குக் கிளம்பினால் 9.10க்கு ஐனொகுரா. ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு 10.30க்கு சுகனுமா, மேலே வண்டி நிறுத்துமிடத்திலிருந்து லிஃப்டில் இறங்கிச் சுரங்க நடைபாதை வழியாக ஊருக்குள் போகலாம், முட்டிவலிக்காரர்களுக்கும் சிரமம் இல்லை. 11.15க்குக் கிளம்பினால் பனி இருந்தாலும் 12 மணிக்குள் ஒகிமாச்சி. மூன்று மணிவரை அங்கே. பிறகு 10.7 கி.மீ. ஹிடா சுரங்கத்தைக் கடந்து நான்கு மணிக்குத் தகயாமா. தாராளமாகப் போதும். 10.50க்குக் கிளம்பினால்தான் போதாது.

மதியச் சாப்பாடு. முன்பதிவு என்று எதுவும் இல்லை. ஓட்டுநர் தெரிந்த கடைக்குக் கூட்டிப்போனார். மலைக்கீரை சோபா நூடுல்ஸ் சைவம் என்று நினைத்துக் கேட்டால், குழம்பே கட்சுவோ மீன் சீவலில் இறக்கியது. வறுத்த டோஃபு வந்தது. அதன் மேல் அதே மீன் சீவல் சூட்டில் உயிருள்ளது போல நெளிந்துகொண்டிருந்தது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. சின்னக் குடும்பக் கடைகள், குழம்பைக் காலையிலேயே வைத்துவிடுவார்கள், வந்து நின்று மாற்றச் சொன்னால் நடக்காது. சில நாள் முன்பே ஜப்பானிய மொழியில் போன் செய்து, கொம்பு பாசியும் ஷிடாகே காளானும் மட்டும் போட்டுக் குழம்பு வைக்க முடியுமா என்று கேட்க வேண்டும். "சைவம்" என்று மட்டும் சொன்னால் இறைச்சியை எடுத்துவிட்டு மீன் குழம்பு தருவார்கள். ஆறு பேரும் வெறும் சோறும் ஊறுகாயும் சாப்பிட்டோம்.

திறந்தவெளி அருங்காட்சியகம் டிசம்பர் முதல் மார்ச் வரை வியாழக்கிழமை விடுமுறை. வியாழக்கிழமைக்கு அந்தச் சீட்டை விற்றிருக்கிறீர்கள். வழிகாட்டி என்று ஒருவர் வரவே இல்லை, எனவே அந்தப் பத்திக்கு எழுத எதுவும் இல்லை.

வண்டி கனஸாவாவுக்குத்தான் திரும்பும் என்றதால், ஒகிமாச்சி பேருந்து நிலையத்தில் சொந்தக் காசில் ஆறு டிக்கெட் எடுத்துத் தகயாமா போனோம். மறுநாள் தகயாமா பார்க்க வேண்டிய இரண்டு பேர் லாக்கர் பெட்டிகளுக்காகக் கனஸாவா போய்வந்தார்கள். போக இரண்டேகால் மணி, வர இரண்டேகால் மணி. அந்தப் பேருந்து ஷிரகவா-கோ வழியாகத்தான் போகும். போகும்போதும் வரும்போதும் அதே கூரைகளை ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். உங்கள் ஊழியர் சொன்ன கணக்குப்படி மூன்று கிராமம் பார்த்ததாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அந்த ஊர்களில் 'யுய்' என்று ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டுக் கூரையை மாற்ற ஊரே திரண்டு வந்து சரிவில் ஏறி நின்று வேய்ந்து முடிக்கும். உங்கள் அலுவலகத்தில் புக்கிங், ஆபரேஷன்ஸ், ஜப்பான் டெஸ்க், அக்கவுன்ட்ஸ் என்று நான்கு பிரிவுகள் சேர்ந்தும் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுத முடியவில்லை.

தாங்கள் நல்ல நிறுவனம், இதைத் தீர்த்துவைப்பீர்கள் என்ற நம்பிக்கை இன்னும் மிச்சம் இருக்கிறது. நான் கேட்பது: ரூ.1,14,000 முழுவதும், லாக்கர், பேருந்துச் செலவுகள், ஆறு பேரின் விடுமுறை பாழானதற்கு ரூ.5 லட்சம், "ஓலை வீடு" என்று சொன்னவரிடமிருந்து எழுத்தில் மன்னிப்பு. பாதித் தொகைக்குக் "கிரெடிட் நோட்" தருவதாக உங்கள் கிளை மேலாளர் சொன்னார். அதை வைத்து மறுபடி உங்களோடு பயணம் போக வேண்டுமாம். வேண்டாம்.

15 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நான் வசிக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம், இனி நான் சென்னைக்கு வர வேண்டியதில்லை, நீங்கள்தான் மதுரைக்கு வர வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் வழக்குக் கட்டணமும் கிடையாது. வேலைத்தாளின் புகைப்படம், வவுச்சர், லாக்கர் ரசீது, உங்கள் ஒயிட் ரோடு ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இணைப்பில் உள்ளன.

அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்பதிவு செய்தவர், மதுரை.

பி.கு.: ஓட்டுநர் மீது எந்தப் புகாரும் இல்லை. பச்சை எண் பலகை போட்ட முறையான வாடகை வண்டி, பனி டயர், நிதானமான ஓட்டம். லாக்கருக்கு 100 யென் நாணயங்கள் இல்லாமல் நின்றபோது தன் பையிலிருந்து எண்ணி மாற்றிக் கொடுத்தவரும் அவர்தான். எனக்குத் தரும் பணத்தை அவர் கணக்கில் பிடிக்க வேண்டாம்.