தேம்ஸ் கரையிலிருந்து அப்பாவுக்கு

லண்டன்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி, அம்மாவின் சர்க்கரை எல்லாம் எப்படி இருக்கிறது?

ஜூனில் வரும்போது தேம்ஸ் கரையில் எதையெல்லாம் பார்க்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஆற்றுக்குக் கிளம்புமுன் கடல் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்துவிட வேண்டும். நகரத்துக்கு நடுவிலேயே தண்ணீர் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 7 மீட்டர் வரை வித்தியாசம் வரும். காலையில் சேறும் கூழாங்கல்லுமாகக் கிடந்த இடத்தில் மத்தியானம் படகு மிதக்கும்.

உங்களுக்குப் பிடிக்கப்போவது கிழக்கே இருக்கிற ‘தேம்ஸ் பேரியர்’ என்ற வெள்ளத் தடுப்பணைதான். மேட்டூர் 16 கண் மதகில் ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் வெளியே போகும். இங்கே தூக்கினால் கடலிலிருந்து ஏறி வரும் தண்ணீர் நிற்கும். 520 மீட்டர் அகல ஆற்றின் குறுக்கே மொத்தம் 10 ஷட்டர்கள். அவற்றில் பெரிய நான்கும் ஒவ்வொன்றும் 61 மீட்டர் அகலம், சுமார் 3,300 டன். வட்டத்தில் ஒரு துண்டை அறுத்தெடுத்த வடிவம். சாதாரண நாளில் வளைந்த பக்கம் கீழாக, ஆற்றுப்படுகையில் அதற்கென்றே வார்த்த கான்கிரீட் குழிவில் படுத்திருக்கும்; கப்பல் அதன் மேலேயே போகும். மூடும்போது கால் சுற்று திரும்பி, ஐந்து மாடி உயரத்துக்கு எழுந்து நிற்கும். உள்ளே வெறும் கூடு. மூழ்கும்போது தண்ணீர் நிறையும், எழும்போது வடிந்துவிடும். ஒரு ஷட்டர் எழ 10 முதல் 15 நிமிடம். எல்லாவற்றையும் மூடி முடிக்க ஒன்றரை மணி நேரம் வரை ஆகும்.

1953இல் வடகடலில் புயல் தள்ளிய வெள்ளத்தில் இங்கிலாந்தில் 307 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தத் தடுப்பணையைக் கட்டி, 1984இல் திறந்தார்கள். கடல் ஏறி வந்தபின் மூடுவதில்லை, வற்றம் முடிந்த கையோடு மூடிவிடுகிறார்கள். ஆறு காலியாக இருந்தால்தானே மேலிருந்து வரும் மழைத்தண்ணீர் தங்க இடமிருக்கும்! 2013-14 மழைக்காலத்தில் 50 முறை மூடினார்கள். 1997இல் பனிமூட்டத்தில் ஜல்லிக் கப்பல் ஒன்று தூணில் மோதி, ஒரு ஷட்டருக்கு மேலேயே மூழ்கியது. அதை எடுத்துச் சுத்தம் செய்யும்வரை அந்தக் கண்ணை மூட வழியில்லை. மாதாந்தரச் சோதனைத் தேதிகளை இணையத்தில் போடுகிறார்கள். உங்கள் பயணத்தில் ஒன்று விழுந்தால் அன்றே போவோம். சார்ல்டன் ரயில் நிலையத்தில் இறங்கி 20 நிமிட நடை. முழங்காலுக்கு முடியாதென்றால் பஸ் இருக்கிறது.

டவர் பிரிட்ஜ் பார்க்கப் பழங்காலக் கோட்டை மாதிரி இருக்கும், ஏமாறாதீர்கள். 1894இல் திறந்த இரும்புப் பாலம் அது. வெளியே தெரியும் கல் வெறும் போர்வை. நடுவில் பிளந்து மேலே எழும் இரண்டு பாதிகளும் தலா ஆயிரம் டன்னுக்கு மேல். பின்னால் கட்டிய எதிர்எடை பாரத்தைச் சமன் செய்வதால்தான் மோட்டாரால் தூக்க முடிகிறது. 1976 வரை நீராவி. இப்போது எண்ணெய் அழுத்தமும் மின்சாரமும். 9 மீட்டருக்கு மேல் உயரமான படகு 24 மணி நேரம் முன்பே சொன்னால் இலவசமாகத் திறந்துவிடுவார்கள், கார்கள் காத்துக் கிடக்க வேண்டியதுதான். 2020 ஆகஸ்டில் திறந்த பாலம் மூட மறுத்து ஊரே ஸ்தம்பித்தது. தூக்கும் நேரப் பட்டியலும் இணையத்தில் உண்டு. கால் மணி முன்னால் போய் நிற்க வேண்டும்; பாலத்தின் மேலே அல்ல, கரையில்.

எம்பேங்க்மென்ட் என்ற ஆற்றங்கரைச் சாலையில் கிளியோபாட்ராவின் ஊசி என்று 21 மீட்டர் எகிப்தியக் கல்தூண் ஒன்று. கிளியோபாட்ராவுக்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் மூத்தது! 1877இல் இரும்பு உருளைக்குள் வைத்துக் கடலில் இழுத்து வந்தபோது புயலில் ஆறு பேர் இறந்தார்கள். காவலுக்கு வைத்த, மனிதத் தலையும் சிங்க உடலுமான சிலைகள் இரண்டும் வெளியே பார்க்காமல் தூணையே பார்க்கின்றன. 1917 குண்டுவீச்சின் துளைகளை அதன் பீடத்தில் விரலால் தொட்டுப் பார்க்கலாம். பக்கத்துக் கரைச்சுவரில் வாயில் வளையம் கவ்விய வெண்கலச் சிங்கத் தலைகள் வரிசையாக இருக்கும். அவை தண்ணீர் குடித்தால் லண்டன் மூழ்கும் என்பது இங்கத்திச் சொலவடை. ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போது போனால் தண்ணீர் எவ்வளவு கிட்டே வருகிறது என்று தெரியும்.

ஜூன் என்றாலும் ஆற்றங்கரைக் காற்று குளிரும். அம்மாவின் சால்வையை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

அன்பு மகள்