பழைய புள்ளிப் பட்டியல்களுக்கு ஒரு தமிழ்க் காப்பகம்: நன்கொடை வேண்டுகோள்

கால்பந்து ரசிகர்களுக்கு வணக்கம்.

கிளப் கால்பந்தின் பழைய புள்ளிப் பட்டியல்களையும் கிளப்களின் வரலாற்றையும் தமிழில் திரட்டி, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கும்படி வைக்கும் வேலையில் எங்கள் குழு இறங்கியிருக்கிறது. இங்கிலாந்து லீக்கிலிருந்து தொடங்கியிருக்கிறோம். இதுவரை கைக்காசைப் போட்டுச் சமாளித்தோம். இனி முடியாது என்பதால் உங்களிடம் கேட்கிறோம்.

பட்டியல்தானே, தேடினால் கிடைக்காதா என்பீர்கள். எண்கள் கிடைக்கும், சரி. அவற்றை எந்த விதியை வைத்துப் படிப்பது என்பதுதான் பெரும்பாலும் கூடவே வருவதில்லை. 1923-24 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். ஹடர்ஸ்ஃபீல்டு டவுன், கார்டிஃப் சிட்டி இரண்டுக்கும் 57 புள்ளி. ஹடர்ஸ்ஃபீல்டு 60 கோல் போட்டு 33 வாங்கியது. கார்டிஃப் 61 போட்டு 34 வாங்கியது. இன்றைய கணக்கில் இரண்டுக்கும் கோல் வித்தியாசம், அதாவது போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தது, 27. ஒரு கோல் கூடுதலாகப் போட்ட கார்டிஃப்தான் சாம்பியன். ஆனால் அன்று நடைமுறையில் இருந்தது கோல் சராசரி, அதாவது போட்ட கோலை வாங்கிய கோலால் வகுப்பது. 1.818க்கு 1.794 என்று பட்டம் ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் போய்விட்டது. கடைசி ஆட்டத்தில் கார்டிஃப் ஒரு பெனால்டியைக் கோட்டைவிட்டு, கோலே இல்லாமல் டிரா செய்திருந்தது. கார்டிஃப் வேல்ஸைச் சேர்ந்த கிளப். வேல்ஸ் கிளப் எதுவும் இன்றுவரை இங்கிலாந்து லீக் பட்டத்தை வென்றதில்லை. இவ்வளவும் பக்கத்தில் இருந்தால்தான் அந்த இரண்டு வரிகளுக்கு உயிர் வரும்.

கோல் சராசரி போய் கோல் வித்தியாசம் வந்தது 1976-77 சீசனில். 1988-89இல் ஆர்சனலும் லிவர்பூலும் 76 புள்ளி, 37 கோல் வித்தியாசம் என்று சமமாக முடித்தபோது, லிவர்பூலின் 65 கோலுக்கு எதிராக 73 கோல் போட்டிருந்த ஆர்சனல் பட்டம் வென்றது. பழைய வகுத்தல் நீடித்திருந்தால் லிவர்பூல்! வெற்றிக்கு 2 புள்ளி என்பது 3 ஆனதும் 1981-82இல்தான். முதல் லீக் சீசனான 1888-89இல் பிரஸ்டன் நார்த் எண்ட் 22 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் எடுத்தது 40 புள்ளி. இன்றைய முறையில் அது 58. ஆகவே எங்கள் காப்பகத்தில் ஒவ்வொரு பட்டியலோடும் அந்த சீசனின் விதிக்குறிப்பு இருக்கும்.

கிளப் வரலாறு இதைவிடச் சிக்கல். நியூட்டன் ஹீத் 1902இல் மான்செஸ்டர் யுனைடெட் ஆனது என்று இணைத்துவிடலாம். 1919இல் லீட்ஸ் சிட்டி 8 ஆட்டங்கள் ஆடிய நிலையில் லீக்கிலிருந்து நீக்கப்பட, அதன் முடிவுகளைப் போர்ட் வேல் ஏற்றுக்கொண்டு மீதியை ஆடியதே, அந்த வரியை யார் பெயரில் போடுவது? லண்டனில் இருந்த விம்பிள்டன் கிளப்பின் கதை இன்னும் மோசம். கிளப்பை மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்கு மாற்ற அனுமதி கிடைத்த 2002இலேயே ரசிகர்கள் ஏஎஃப்சி விம்பிள்டனைத் தொடங்கிவிட்டார்கள். இடம் மாறிய கிளப் 2004இல் மில்டன் கீன்ஸ் டான்ஸ் ஆனது. பழைய வரலாறு யாருக்குச் சொந்தம் என்று எங்கள் கூட்டங்களிலும் நல்ல சண்டை நடந்தது. டான்ஸே 2007இல் அந்த உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டதால் ரசிகர்களின் கிளப் பக்கமே முடிவு செய்தோம்.

செலவு பெரும்பாலும் மூன்று வழியில் போகிறது: பழைய ஆண்டு மலர்களையும் நாளிதழ்ப் பிரதிகளையும் வாங்குவது, தட்டச்சு, சர்வர் வாடகை. ஒவ்வொரு பட்டியலையும் இருவர் தனித்தனியாகத் தட்டச்சு செய்து, இரண்டையும் ஒப்பிடுகிறோம். அதில்தான் பணம் அதிகம் கரைகிறது. ஆனாலும் அதைக் குறைக்க மனம் வரவில்லை. ஓர் எண் பிசகினால் பட்டியலில் சாம்பியனே மாறிவிடக்கூடும்.

எந்தத் தொகையானாலும் மகிழ்ச்சி. குழுவின் வங்கிக் கணக்கு விவரத்தைப் பொருளாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ரசீது உண்டு. வரவு செலவு காப்பகத்திலேயே வெளியாகும். பெயர் வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம், வீட்டில் பழைய விளையாட்டு இதழ்கள் கிடந்தால் எடைக்குப் போடுமுன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஸ்கேன் செய்துகொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்.

— காப்பகக் குழுவினர்