கோடையில் கோல்ஃப் புல்தரைக்கு அரை நாளாவது ஓய்வு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை வந்தால் கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரர் கூட்டம் ஏறும், புல்லுக்குத் தெம்பு இறங்கும். மைதானப் புல்லைப் பராமரிக்கும் வேலையில் இருப்பதால் சொல்கிறேன், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனைப் பற்றி "கிரீன் ஏன் இப்படி மந்தமாக இருக்கிறது, பந்து ஓடவே மாட்டேன் என்கிறதே" என்ற புகார் அதிகம் வருவதும் இந்த மாதங்களில்தான், அதற்குப் பயந்து புல்லை இன்னும் ஒட்ட வெட்டச் சொல்லும் நிர்வாகங்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

கிரீனில் புல்லின் உயரமே ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான். புல் தனக்கு வேண்டிய உணவைத் தயாரிப்பது இலையில், அந்த இலையைத்தான் தினமும் வெட்டி எடுக்கிறோம். பென்ட் கிராஸ் போன்ற குளிர்ப்பிரதேசப் புல்லுக்கு மண்ணின் வெப்பம் 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போதுதான் வேர் நன்றாக இறங்கும். கடும் வெயிலில் அதற்கு வரவைவிடச் செலவு அதிகமாகி, வேர் குட்டையாகிவிடும். அப்போது வெட்டும் உயரத்தை அரை மில்லிமீட்டர் ஏற்றினாலே பெரிய உதவி. பந்தின் ஓட்டம் குறையுமே என்றால் ஒரு நாள் வெட்டுங்கள், மறுநாள் வெட்டாமல் உருளை மட்டும் ஓட்டுங்கள், வேகம் பெரிதாகக் குறையாது. அருகம்புல் இனமான பெர்முடா வெயிலைத் தாங்கும், சரி, ஆனால் ஒரே இடத்தை ஓயாமல் மிதித்தால் மண் இறுகி அதுவும் வழுக்கை விழுந்துவிடும்.

வாட்டம் முதலில் நிறத்தில் தெரியும். பச்சை மங்கி நீலச் சாம்பலாகும், அதன் மேல் நடந்தால் காலடித் தடம் அப்படியே கிடக்கும், புல் நிமிராது. அந்த நேரத்தில் ஆட்டக்காரர்கள் போகும் கார்ட் வண்டி ஏறினால் டயர் போன வழி அப்படியே பழுத்துக் கருகிவிடும். உடனே கிரீன் முழுக்கத் தண்ணீரைத் திறந்துவிடுவதும் தப்பு. சூடான மண்ணில் நீர் தேங்கினால் வேருக்குக் காற்று போகாது, பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நோய்க்கிருமி பிடித்தால் ஒரே இரவில் திட்டுத் திட்டாகப் போய்விடும். மண் காய்ந்த திட்டுக்கு மட்டும் குழாயைக் கையில் பிடித்து ஊற்ற வேண்டும், மற்ற இடத்தில் மதியம் இலை நனையும் அளவுக்குத் தெளித்தால் சூடு தணியும். இதற்கு ஆள் வேண்டும், அவர் உள்ளே போக இரண்டு குழுக்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளியும் வேண்டும். காலை முதல் மாலை வரை நெருக்கி நெருக்கி முன்பதிவு போட்டால் அந்த வேலையை எப்போது செய்வது?

ஆட்டக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பந்து விழுந்த பள்ளத்தைச் சரிசெய்யும்போது அடியில் குத்தி மேலே நெம்பாதீர்கள், மிச்ச வேரும் அறுந்துவிடும். சுற்றியுள்ள விளிம்பை நடுப்பக்கமாகத் தள்ளி, மட்டையால் லேசாகத் தட்டிவிட்டால் போதும்.

நிர்வாகங்கள் வாரத்தில் ஒரு நாள் மதியம் வரையாவது மைதானத்தை மூட வேண்டும். காற்றுத் துளை போட, மணல் தூவ, காய்ந்த திட்டுகளைப் பார்க்க எங்களுக்கு அந்த நேரம் வேண்டும். பருவத்துக்கான அட்டவணை போடும்போதே அந்த அரை நாளை அடைத்து வைத்துவிடுங்கள், முன்பதிவு நிரம்பிய பிறகு தேடினால் கிடைக்காது.

இப்படிக்கு,
ஒரு புல்தரைப் பராமரிப்பாளர்